நன்றாக இருக்கிற நாளில் எதற்கு பம்ப்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

ஈரோடு மாவட்டத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சிறு வயதிலிருந்தே அவருக்கு வீசிங் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் தொந்தரவு இல்லாமல் இருந்து, விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. மாதத்தில் நாலைந்து இரவுகள் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

அதே வீட்டில் 71 வயது மாமனார். நாற்பது வருடப் பீடிப் பழக்கம், இப்போதும் "ஒரு நாளைக்கு நாலைந்துதான்". பல வருடங்களுக்கு முன் டி.பி. வந்து மருந்து சாப்பிட்டு முடித்தவர். வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அவருடைய சீட்டில் 'சிஓபிடி' (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று எழுதியிருக்கிறது.

இருவருக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்தது வாயில் வைத்து இழுக்கும் ஒரே பம்ப் (இன்ஹேலர்). புடிசோனைடு 200 மைக்ரோகிராம், ஃபார்மோடெரால் 6 மைக்ரோகிராம் இரண்டும் சேர்ந்தது. காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை. மாதம் ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகிறது என்பதால், "மருந்து ஒன்றுதானே" என்று ஒன்றை மட்டும் வாங்கி இருவரும் அடித்துக்கொள்கிறார்கள், அதுவும் மூச்சு முட்டும்போது மட்டும். வாங்கி இரண்டு மாதமாகியும், இன்னும் எத்தனை தடவை அடிக்கலாம் என்று காட்டும் கவுண்டரில் 64 மீதம் இருக்கிறது. ரொம்ப முடியாத நாளில் உடனடி நிவாரணத்துக்கான நீல பம்ப், அல்லது மெடிக்கலில் "வீசிங்குக்கு" என்று கேட்டு வாங்கும் பொட்டல மாத்திரை.

அவர் கேட்பவை: தினமும் அடித்தால் பழகிப்போய் ஆயுளுக்கும் விட முடியாதாமே? ஸ்டீராய்டு உடம்பை ஊத வைத்து, எலும்பை அரித்து, சர்க்கரையைக் கொண்டுவராதா? நீல பம்ப் உடனே கேட்கிறது, விலையும் குறைவு; கேட்காத இந்தப் பம்ப் எதற்கு? ஹைதராபாத் மீன் மருந்துக்கு நாத்தனார் கூப்பிடுகிறார், போகலாமா?

நுரையீரல் மருத்துவரின் பதில்

சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது அந்த 64 என்ற எண்தான். நோயாளிகள் பொதுவாக "ஒழுங்காகத்தான் அடிக்கிறேன் டாக்டர்" என்று சொல்வார்கள். நீங்கள் கவுண்டரைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் நாம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட முடியும்.

ஒரு பம்ப்பில் 120 தடவைக்கு மருந்து இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு என்றால் இரண்டு பேருக்கு எட்டு. பதினைந்து நாளில் ஒன்று தீர்ந்திருக்க வேண்டும், இரண்டு மாதத்தில் நான்கு. உங்கள் வீட்டில் இரண்டு மாதத்தில் செலவானது 56 தடவை. ஆளுக்கு இரண்டு நாளைக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆக, "இந்த மருந்து கேட்கவில்லை" என்ற முடிவுக்கு வர இன்னும் நேரமிருக்கிறது. அதை நீங்கள் இருவரும் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதற்காக இந்தப் பம்ப், எப்போது அடிக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

உள்ளே இருப்பது இரண்டு மருந்து

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்கு இரண்டு விதமாகத் தொந்தரவு வருகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. அதன் உள்சுவர் வீங்கிச் சிவந்து, சளி சுரக்கிறது. தசை இறுகுவது சட்டென்று நடக்கும், மூச்சு முட்டும், நமக்குத் தெரியும். வீக்கம் மெதுவாக வரும். நீங்கள் தறிக்குப் போய், சமைத்து, நன்றாக இருப்பதாக நினைக்கிற நாளிலும் அது உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் மழை, ஒரு ஜலதோஷம், பக்கத்து வீட்டு மிளகாய் நெடி, ஏதோ ஒன்று தொட்டதும் தசை இறுகிவிடும்.

உங்கள் பம்ப்பில் இருக்கிற ஃபார்மோடெரால் தசையைத் தளர்த்துவது. ஓரிரு நிமிடத்தில் வேலையை ஆரம்பித்து ஏறக்குறைய 12 மணி நேரம் நிற்கும். புடிசோனைடு என்ற ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைப்பது. அது ஒரு நாளில் தெரியாது. சில நாளில் கொஞ்சம், சில வாரங்களில் நன்றாக என்று படிப்படியாகத்தான் பலன் வரும். மூச்சு முட்டும்போது மட்டும் எப்போதாவது ஒன்று இழுத்தால் முதல் மருந்தின் பலன் கிடைக்கும், இரண்டாவதின் பலன் பெரும்பாலும் வீண். தறிக்கு எண்ணெய் விடுவது ஓடிக்கொண்டிருக்கும்போதுதானே, நின்ற பிறகு இல்லையே.

இரண்டையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நீண்ட நேரம் வேலை செய்கிற தசைத் தளர்த்தி மருந்தை ஸ்டீராய்டு துணையில்லாமல் ஆஸ்துமாக்காரர்கள் தனியாக எடுத்தால் உயிராபத்து கூடுகிறது என்று 2006-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே பம்ப்பில் இரண்டும் இருந்தால் ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுக்க வழியே இல்லை. கலவை பம்ப்பின் பெரிய பாதுகாப்பு அதுதான்.

சரி, பழகிவிடுமா? போதை மாதிரியோ தூக்க மாத்திரை மாதிரியோ இதில் எதுவும் இல்லை. நிறுத்தினால் தொந்தரவு திரும்புவது மருந்துக்கு உடம்பு அடிமையானதால் வருவதில்லை. அடியில் இருக்கிற நோய் தலை தூக்குகிறது, அவ்வளவுதான். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதை யாரும் "பழகிவிட்டது" என்று சொல்வதில்லை. பம்ப்புக்கு மட்டும் ஏனோ அந்தக் கெட்ட பெயர். ஆயுள் முழுக்கவா என்ற கேள்விக்கு ஒளிக்காமல் சொல்கிறேன்: உங்கள் வயதில் திரும்பி வந்த ஆஸ்துமாவுக்கு ஏதோ ஓர் அளவில் நீண்ட காலம் மருந்து தேவைப்படலாம். அளவு மட்டும் இதே அளவில் இருக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் தொடர்ந்து கட்டுப்பாட்டில் இருந்தால் மருத்துவரே குறைத்துக்கொண்டு வருவார்.

கட்டுப்பாடு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரிந்திருப்பது நல்லது. கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பகலில் தொந்தரவு, இரவில் எழுந்து உட்காருவது, வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீல பம்ப், வழக்கமான வேலை தடைப்படுவது. இந்த நான்கில் ஒன்றுகூட இல்லையென்றால் நல்ல கட்டுப்பாடு. உங்களுக்கு மூன்றாவது இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீல பம்ப் உடனே கேட்பதுதான் சிக்கல்

சால்பியூட்டமால் என்ற அந்த மருந்து தசையை மட்டும் தளர்த்தும். நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடவே தொடாது. மூச்சு லேசானதும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், உள்ளே நோய் வளர்கிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி அமைப்பான 'ஜினா', பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் நீல பம்ப்பை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது. 200 தடவை அடிக்கக்கூடிய நீல பம்ப் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ காலியானால் தீவிரத் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று காலியாகிறவர்களுக்கு உயிராபத்தே அதிகம்.

உங்கள் கையில் இருக்கிற கலவைக்கு ஒரு வசதி உண்டு. ஃபார்மோடெரால் வேகமாக வேலை செய்வதால், இதே பம்ப்பை காலை-இரவு வழக்கமாக அடித்துவிட்டு, இடையில் மூச்சு முட்டினால் கூடுதலாக ஒரு தடவை அடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் தசைத் தளர்த்தியோடு வீக்க மருந்தும் உள்ளே போகிறது. நீங்கள் சொல்லும் அளவுக்கு ஒரு நாளில் வழக்கமானதும் கூடுதலும் சேர்த்து 12 தடவைதான் உச்சவரம்பு. அவ்வளவு தேவைப்படுகிற நிலை வருகிறதென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். இந்த முறையில் வழக்கமான அளவு காலை ஒன்று, இரவு ஒன்று என்றுகூடக் குறையலாம், செலவும் இறங்கும். உங்கள் மருத்துவரிடம் "இதையே அவசரத்துக்கும் அடிக்கலாமா" என்று நேராகக் கேளுங்கள். சால்மெடெரால் கலந்த பம்ப்புக்கு இது பொருந்தாது, அது மெதுவாக ஆரம்பிக்கும் மருந்து. பெட்டியில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டுக்கு எங்கே பயப்பட வேண்டும்

மருத்துவர் எழுதியபடி நான்கு தடவை அடித்தால் ஒரு நாளைக்கு 800 மைக்ரோகிராம் புடிசோனைடு. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மூச்சு இரைப்பு முற்றும்போது நாங்கள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும். இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு. எடையை மட்டும் வைத்து ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனால் மாத்திரை வயிற்றில் கரைந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, பம்ப் மருந்து வேண்டிய இடத்துக்கே போகிறது. விழுங்கப்படும் கொஞ்சத்தில் பெரும்பகுதியையும் கல்லீரல் செயலிழக்கச் செய்துவிடும்.

800 என்பது நடுத்தர அளவு. இதனால் முகம் ஊதுவது, எடை கூடுவது எல்லாம் பொதுவாக நடப்பதில்லை. குரல் கரகரப்பு, வாய்ப்புண், கொஞ்சம் கை நடுக்கம், படபடப்பு வரலாம். அதிக அளவைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு எலும்புத் தேய்மானம், கண்புரை, சர்க்கரை கொஞ்சம் ஏறுவது ஆகியவை வருவதுண்டு. அதனால்தான் தேவைப்படுகிற குறைந்த அளவுக்கு இறக்க முயல்கிறோம்.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்தப் பொட்டல மாத்திரைக்கு. கடையில் "வீசிங்குக்கு" என்று கேட்டால் கத்தரித்துக் கொடுக்கும் நாலைந்து மாத்திரையில் சின்னதாக ஒன்று இருக்குமே, பெரும்பாலும் அதுதான் ஸ்டீராய்டு. கூடவே நெஞ்சு படபடக்க வைக்கும் தியோஃபிலின் வகை மாத்திரையும் இருக்கும். உங்களுக்கு இரண்டே நாளில் சுகமாகிவிடுவது அந்தச் சின்ன மாத்திரையால். வாழ்நாளில் நாலைந்து முறை இப்படி ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலே எலும்பு மெலிவு, சர்க்கரை, கண்புரை வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் வருடத்துக்கே நாலைந்து பொட்டலம் வாங்குவீர்கள் என்று தோன்றுகிறது. பம்ப்பில் இருக்கிற துளி ஸ்டீராய்டுக்குப் பயந்து, பெயர் தெரியாமல் அதைவிடப் பல மடங்கை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். சமீபத்தில் தொடர்ந்து பல நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். ஒருமுறை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

வாயிலிருந்து வரும் புகை

"அடித்ததும் வாயிலிருந்து புகை மாதிரி வெளியே வருகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தப் புகைதான் மருந்து. நீங்கள் காசு கொடுத்து வாங்கியது காற்றில் போகிறது. பம்ப்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நொடியில் சேராவிட்டால் இப்படித்தான் ஆகும். சரியாக அடித்தாலும்கூட வெறும் பம்ப்பில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் நுரையீரலுக்குப் போகும், மீதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆளுக்கு ஒரு ஸ்பேசர் வாங்குங்கள். பம்ப்பைச் செருகி அடிக்கிற பிளாஸ்டிக் குடுவை. ஒருமுறை வாங்கினால் பல மாதம் வரும்.

பம்ப்பை நன்றாகக் குலுக்கி, மூடியைக் கழற்றி, ஸ்பேசரில் செருகுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். ஸ்பேசரின் வாயை உதடுகளால் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை அழுத்துங்கள். இப்போது மெதுவாக, ஆழமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை அடக்கி வையுங்கள். மாமனாரால் அடக்க முடியாவிட்டால் ஸ்பேசரிலேயே சாதாரணமாக நாலைந்து மூச்சு விட்டால் போதும். அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கி, இரண்டாவது தடவை. இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது.

முடிந்ததும் தொண்டைவரை கொப்பளித்துத் துப்புங்கள். மாமனாரின் நாக்கில் வெள்ளையாகப் படிந்து, காரம் பட்டால் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. வாயில் தடவும் மருந்தில் போய்விடும், ஒருமுறை காட்டுங்கள். கொப்பளிக்க மறக்காமல் இருக்க எளிய வழி, பம்ப்பைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அடித்துவிட்டுப் பல் துலக்கினால் இரண்டு வேலையும் முடிந்தது.

ஸ்பேசரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, அப்படியே காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்ப் காலியா என்று தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது சரியாகக் காட்டாது. உங்களிடம் கவுண்டர் இருக்கிறதே.

காசு, தூசி, மீன்

ஐந்நூறு ரூபாய் சின்னத் தொகை இல்லை. இரண்டு பேருக்கு இரண்டு பம்ப் என்றால் இரட்டிப்பு. இந்த புடிசோனைடு-ஃபார்மோடெரால் கலவை நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் பெருந்துறையிலேயே இருக்கிறது. சானடோரியம் என்றால் பஸ்காரருக்குத் தெரியும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இதே மருந்தைப் பொதுப் பெயரில் கேட்டுப் பார்க்கலாம்.

தறிக்கூடத்தில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடித்தால் அங்கே மருந்துக்குக் காசு இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். மூச்சுத் தொந்தரவு லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடுகிறதா? வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறதா? பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் பழைய அடையாளம் அது. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவியில் வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி, எண்களைக் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பெரிய உதவி. பஞ்சுத் தூசி நோயும் தொழிலால் வரும் ஆஸ்துமாவும் சட்டப்படியான தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. வேலையை விடச் சொல்லவில்லை. தூசி குறைந்த பகுதிக்கு மாற்றிக் கேட்கவும், மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் போடவும் முடியுமா என்று பாருங்கள்.

மீன் மருந்து: ஜூன் மாதம் மிருகசிர கார்த்தியன்று ஹைதராபாத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிறப் பசையை வைத்து விழுங்கச் சொல்கிறார்கள். வருடா வருடம் பெருங்கூட்டம். ஆஸ்துமாவை அது குணப்படுத்துவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நாத்தனாரோடு சண்டை போடச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே போய்வந்த நம்பிக்கையில் பம்ப்பைத் தூக்கிப் போட்டு, சில வாரத்தில் அவசரப் பிரிவுக்கு வருவதுதான் என் கவலை. நெரிசலும் பயணமும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது அடுத்தது. தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம் என்று வீட்டில் வைப்பதில் தடையில்லை. பம்ப்புக்குப் பதிலாக வைக்காதீர்கள். பெயர் எழுதாத பொடி, உருண்டை எதுவும் வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டைப் பொடித்துக் கலக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்? ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் இரண்டு மூன்று வார்த்தைக்கு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், பம்ப் அடித்தும் சுகம் நிற்காமல் போனால், குழப்பமோ அசதித் தூக்கமோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நீல பம்ப்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு முதல் பத்து தடவை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாமனார் விஷயம் வேறு

ஒரே பம்ப் எழுதியதால் ஒரே நோய் என்று நினைத்துவிட்டீர்கள். உங்களுக்கு இருப்பது ஏறி இறங்குகிற அடைப்பு. மருந்து கொடுத்தால் மூச்சுக்குழாய் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பும். அவருக்குப் பீடிப் புகையால், ஒருவேளை பழைய டி.பி. விட்டுப்போன தழும்பாலும், நுரையீரலில் ஒரு பகுதி நிரந்தரமாகக் கெட்டிருக்கலாம். பம்ப் அதைச் சரிசெய்யாது. மூச்சு வாங்குவதைக் குறைக்கும், அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுப்பதைக் குறைக்கும்.

சிஓபிடி என்பதை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை. மருந்து கொடுத்தபின் ஊதும்போதும், முழு மூச்சில் முதல் நொடியில் வெளியேறும் பங்கு 0.7-க்குக் கீழே இருக்க வேண்டும். அவருக்கு அது எடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. எடுக்கச் சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம்.

சிஓபிடிக்கு முதலில் எடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு இல்லாத இரட்டைத் தசைத் தளர்த்திப் பம்ப். இழுக்கும் ஸ்டீராய்டு சிஓபிடிக்காரர்களுக்கு நிமோனியா வாய்ப்பைக் கூட்டுகிறது. அதே சமயம் சிலருக்கு அது நன்றாகவே உதவும்: ஆஸ்துமாவும் கலந்திருப்பவர்கள், அடிக்கடி நோய் முற்றுகிறவர்கள், இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருப்பவர்கள். 100-க்குக் கீழே என்றால் பலன் குறைவு. சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆகவே உங்கள் மருத்துவர் தவறாக எழுதினார் என்று நான் சொல்லவில்லை, அவர் ஒரு காரணத்தோடு எழுதியிருக்கலாம். அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து மாற்றும்போது அவருக்குச் சிறுநீர் அடைப்பு, கண் அழுத்தம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்தே மூச்சை இறுக்கிவிடும், அதை உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

மூச்சு முட்டும்போது கூடுதலாக இதே பம்ப் என்று மேலே சொன்னது ஆஸ்துமாவுக்குத்தான். அவருக்கு அவசரத்துக்கு நீல பம்ப் இருக்கட்டும். தடுப்பூசி இரண்டு: வருடா வருடம் ஃப்ளூ, அப்புறம் நிமோகாக்கல். பீடியைப் பற்றி அவரிடம் நீங்கள் பேசுவது சங்கடம், தெரியும். கணவரைப் பேசச் சொல்லுங்கள், அல்லது மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். நாலைந்துதான் என்றாலும், கெட்டுக்கொண்டே போகிற நுரையீரலின் வேகத்தைக் குறைப்பதில் பீடியை விடுவதற்கு இணையான பம்ப் கிடையாது. வீட்டுக்குள் அவர் விடும் புகை உங்கள் ஆஸ்துமாவுக்கும் தீனி.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு மாதமாக இருமல் விடவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை." எனக்கு உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும்விட இது முக்கியமாகப் படுகிறது. முன்பு டி.பி. வந்தவர், பீடி பிடிப்பவர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை இறக்கம். டி.பி. திரும்பியிருக்கலாம். நுரையீரலில் கட்டியும் இருக்கலாம். ஒன்றுமில்லாமலும் போகலாம், ஆனால் ஊகத்தில் விடக் கூடாது. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், எக்ஸ்ரேயும் அன்றே எடுத்துவிடலாம். முடிவு தெரியும்வரை ஒரே பம்ப்பை இருவரும் வாயில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். இப்போது இருப்பது அவரிடமே இருக்கட்டும், உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப் மாற்றுவது, ஸ்பேசர், ஈசினோஃபில் எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். சளியையும் எக்ஸ்ரேயையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.